முதல் பத்து வரி

எங்கள் வாரியத்தில் நான் குழாய். கேலிக்குச் சொல்லவில்லை, பணி உத்தரவிலேயே அப்படித்தான் இருக்கிறது. என் அறைக் கதவில் ‘குழாய் – 1’ என்று பலகை தொங்குகிறது. பக்கத்து அறை ‘குழாய் – 2’. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்காததால் அதையும் கூடுதல் பொறுப்பாக நானே பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, கழிப்பறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நானும் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம், ஒழுகுகிறது என்று சொல்லித் திரும்புவேன்.

இலவச அறுவை சிகிச்சைக்கு யாரை முதலில் அழைப்பது என்று தீர்மானிப்பதுதான் வாரியத்தின் வேலை. ஆபரேஷன் செய்வது மருத்துவமனை. கத்தி அவர்களிடம் இருக்கிறது, வரிசை எங்களிடம் இருக்கிறது.

கணினி வாங்கிய புதிதில் அதை நிறுவ ஒரு பொறியாளர் அம்மா வந்தார். எங்கள் எல்லோரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி தட்டினார். அந்த வரியில் மூன்று சின்னக் கட்டளைகள் இருந்தன. முதல் கட்டளை, குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களில் தேடி, கண் நோயாளிகளை மட்டும் பொறுக்கும். இரண்டாவது, அவர்களை நோயின் கடுமைப்படி அடுக்கும், ரொம்ப மோசமானவர் மேலே. மூன்றாவது, மேலே இருக்கிற பத்து வரியை மட்டும் வெட்டித் தரும். கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டுக்குப் பெயர்தான் குழாய். முந்தின கட்டளை கக்குவதை அப்படியே வாங்கி அடுத்த கட்டளையின் வாயில் ஊற்றும்.

“ஒவ்வொண்ணும் சின்ன வேலைதான் செய்யும். ஆனா சுத்தமா செய்யும். கோர்த்துவிட்டா பெரிய வேலை ஆயிடும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எண்டர் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் பெயர் வந்து நின்றது. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு தலைவர்தான் வாயைத் திறந்தார்.

“இவ்வளவு சீக்கிரம் வந்த பட்டியலை வெளியில யாரு மதிப்பாங்க?”

மறு வாரமே மூன்று கட்டளைகளுக்கும் மூன்று அதிகாரிகள், மூன்று அறைகள், மூன்று கணினிகள் ஒதுக்கப்பட்டன. நடுவில் இரண்டு கோடு இருந்ததால் இரண்டு குழாய்ப் பணியிடங்கள் உருவாயின. ஒரு அறையில் வந்ததைப் பென் டிரைவில் ஏற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. என் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாக் கீபோர்டிலும் அந்தச் செங்குத்துக் கோட்டு விசையின் மேல் டேப் ஒட்டி, அதன் மேல் முத்திரையும் வைத்தார்கள். இந்த அளவுக்கு என்னை மதித்த அலுவலகம் வேறெதுவும் இல்லை.

எந்தக் கட்டளை யாருக்கு என்பதில் குழப்பமே வரவில்லை. வேலை குறையக் குறையப் பதவி உயரும் என்பது எங்கும் உள்ள ஏற்பாடுதான். ஆயிரக்கணக்கான வரிகளைத் துழாவும் தேடல் வேலை, புதிதாகச் சேர்ந்த இளநிலை அதிகாரியின் தலையில் விழுந்தது. அடுக்குவது துணைத் தலைவர் அம்மாவுக்கு. முதல் பத்து வரியை வெட்டுவதில் யோசிக்க எதுவும் இல்லை என்பதால் அதைத் தலைவர் எடுத்துக்கொண்டார்.

முதல் வாரம் நான் தேடல் அறையில் வாங்கி, அடுக்கல் அறையில் கொடுத்து, அங்கிருந்து வாங்கித் தலைவரின் மேஜையில் வைத்தேன். அவர் பென் டிரைவைத் தொடவில்லை.

“இது யார் யார் கை பட்டு வருது?”

“தேடல் முடிஞ்சு, அடுக்கல் முடிஞ்சு வருது சார்.”

“அப்ப ரெண்டு பேர் எடுத்தது போக மிச்சம் என்கிட்ட வருது.”

“மிச்சம்னு இல்ல சார். அதுதான் முறையாம்.”

“கையெழுத்துக்கு வர்ற ஃபைல் கடைசியா வரலாம். தபாலை யார் முதல்ல பிரிக்கறது? இந்த ஆபீஸ்ல என்னைக்காவது ஜூனியர் பிரிச்ச தபால் என் மேஜைக்கு வந்திருக்கா? விண்ணப்பம்னா தபால்தானே?”

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் விண்ணப்பக் கோப்பு பதவிமூப்பு வரிசையில் செல்லும். முதலில் தலைவர் முதல் பத்து வரியை எடுப்பார். அந்தப் பத்தைத் துணைத் தலைவர் அடுக்குவார். அடுக்கிய பத்தில் கண் நோயாளிகளை இளநிலை அதிகாரி தேடுவார்.

கோப்பின் தொடக்கத்தில் இருந்த பத்துப் பேரில் மூன்று பேர் கண் நோயாளிகள். மற்றவர்களுக்குக் காது, முழங்கால், குடலிறக்கம். அந்த மூன்று பேருக்கும் அழைப்புச் சீட்டு போய், ஆபரேஷனும் நடந்து, பார்வை வந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடியும் முதல் பத்து வரி எடுத்தோம். அதே மூன்று பேர் வந்தார்கள். முடிந்தவர்களின் பெயரை நீக்குவதற்கு வேறு ஒரு கட்டளை இருக்கிறதாம். அதற்கு இன்னும் பணியிடம் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே புதன்கிழமைதோறும் அதே மூன்று பேருக்கு அழைப்பு போயிற்று. மருத்துவமனையில் கண் டாக்டரம்மா அவர்களைப் பார்த்து ‘நலம்’ என்று எழுதி அனுப்புவார். அதை நாங்கள் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

ஆண்டு விழாவில் தலைவர் பேசியதை நான் மேடைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன்.

“மத்த வாரியங்கள்ல ஆபரேஷனுக்கு ஆளைக் கூப்பிடறாங்க. பாதிப் பேருக்குத்தான் குணமாகுது. நாம கூப்பிட்டவங்கள்ல ஒருத்தருக்காவது குணமாகாம இருந்திருக்கா? நூத்துக்கு நூறு. இன்னும் சொல்லப்போனா, நாம கூப்பிடறப்பவே அவங்களுக்குக் கண்ணுல குறை இருக்கறதில்ல. இதுக்குப் பேருதான் திட்டமிடல்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தார்கள்.

இதெல்லாம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, அத்தானுக்குக் கண் மங்கும்வரை.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பஸ் டிரைவர். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்தார். ஒருநாள் நிறுத்தத்தில் யாரோ சிவப்புச் சட்டையில் நிற்கிறார்கள் என்று பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். தபால்பெட்டி ஏறவில்லை. அன்றே சாவியை டிப்போவில் ஒப்படைத்துவிட்டார். டிப்போ மேலாளர் இரக்கப்பட்டு, தூரத்தில் இருப்பது தெரியாவிட்டால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கட்டும் என்று அவரை நேரம் குறிக்கும் வேலையில் போட்டார். அங்கே பொடி எழுத்தில் பஸ் எண்களை எழுத வேண்டும். அத்தான் எல்லா எண்ணையும் எட்டு என்று எழுதினார். கடைசியில், அடுத்து வரும் கண் பரிசோதனையில் தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா பை ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அறுந்த ஜிப், கிழிந்த கைப்பிடி எல்லாம் மாற்றுவாள். அந்த வருமானத்தில் ஒரு வீடு ஓடாது. அத்தானின் விண்ணப்பத்தை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அது கோப்பின் அடியில் எங்கேயோ போய் உட்கார்ந்தது.

“நீ அங்கதானே இருக்கே. கொஞ்சம் பாரேன்” என்றாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் முறையை விளக்கினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இரு இரு. முதல்ல பத்து பேரை எடுத்துடுவீங்க. அப்புறம் அதுல யாருக்கு ரொம்ப மோசம்னு பாப்பீங்க. அப்புறம் அதுல யாருக்குக் கண்ணுன்னு பாப்பீங்களா?”

“ஆமா.”

“பல்லைக் கோர்க்கறதுக்கு முன்னாடியே ஜிப்பை இழுத்து மூடற மாதிரி இருக்கேடா. இதை யாரும் சொல்லலையா?”

“சொல்றதுக்கு யாரு இருக்கா? எல்லாரும் அவங்கவங்க வேலையைச் சரியாத்தான் செய்யறாங்க.”

மறுநாள் அக்கா கடையைச் சாத்திவிட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். நான் அவளைத் தெரியாதவன்போல வரவேற்பறையில் நின்றேன். அவள் என் தோளைப் பிடித்து, “முதல்ல எந்த ரூம்?” என்று கேட்டதில் அந்த நாடகம் முடிந்தது.

தேடல் அறையிலிருந்த இளநிலை அதிகாரி நல்ல பையன். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டான்.

“உங்க வீட்டுக்காரர் என்கிட்ட வந்தாருன்னா ஒரே நொடியில கண்டுபிடிச்சுடுவேன் மேடம். என் தேடல்ல இதுவரைக்கும் யாரும் தப்பிச்சதில்ல. ஆனா வரணும். வந்தாத்தானே தேட முடியும்?”

துணைத் தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

“நீங்க நினைக்கற மாதிரி சுலபம் இல்லம்மா. பத்துல மூணு பேருக்கு ‘நலம்’னு வருது. அதைக் கடுமைப்படி அடுக்கணும். நலத்துல யாருக்கு நலம் கம்மின்னு பாக்கறது எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? சில வாரம் மதியம் வரைக்கும் ஆயிடும்.”

தலைவரின் அறையில் சுவர் அளவுக்குத் திரை இருந்தது. வருடத்துக்கு வருடம் அவர் பெரிய திரையாக மாற்றிக்கொண்டே இருந்தார். எழுத்தையும் பெரிதாக்கிக்கொண்டே வந்ததில், இப்போது ஒரு திரைக்கு ஒரு பெயர்தான் கொள்ளும். அக்கா சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். கேட்கும்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்த கோட் ஸ்டாண்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

“வரிசையை மாத்தலாம்மா. தாராளமா மாத்தலாம். ஆனா அந்தத் தேடல் பையன் எனக்கு முன்னால வரணும்னா, அவனுக்கு என்னைவிடப் பெரிய பதவி கொடுக்கணும். அவன் போன வருஷம்தான் சேர்ந்தான். நியாயமா?”

“முன்னால வேலை செஞ்சா பெரியவர் ஆயிடுவாரா சார்?”

“பின்னே? உங்க வீட்டுல முதல்ல யாருக்குச் சாப்பாடு போடுவீங்க?”

“யாருக்குப் பசிக்குதோ அவங்களுக்கு.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “அதான். வீட்டுலயே ஒழுங்கு இல்லேன்னா நாம இங்க என்ன பண்ண முடியும்?”

ஆனால் அவர் கல்நெஞ்சர் இல்லை. அடியில் இருக்கிறவர்களின் குறை அவரை உறுத்தியிருக்க வேண்டும். சீர்திருத்தம் ஒன்று அறிவித்தார். கடைசிப் பத்து வரியை எடுப்பதற்கும் ஒரு கட்டளை இருக்கிறதாம். அதற்குப் புதிய அதிகாரி, புதிய அறை. விழா நடந்தது. ‘கடையனுக்கும் கதவு திறக்கும்’ என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். தலைவர் குரல் தழுதழுக்க, “இதுநாள் வரை முதல் பத்து பேரைத்தான் பார்த்தோம். இனி கடைசி பத்து பேரையும் பார்ப்போம்” என்றார். அக்கா கூட்டத்தில் நின்று அழுதாள். அத்தானின் வரி அப்போது கிட்டத்தட்டக் கடைசியில் இருந்தது. அழுதுகொண்டே எனக்கு ஒரு சட்டைத்துணி வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை சீட்டு வந்தது. அதே மூன்று பேர்.

“கடைசி பத்துன்னாங்களேடா” என்றாள்.

“கடைசி பத்துதான். புது அதிகாரி தலைவருக்கு ஜூனியர். அதனால கோப்பு முதல்ல தலைவர்கிட்ட போச்சு. அவர் முதல் பத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பத்துல கடைசி பத்தை இவர் எடுத்தார்.”

சட்டைத்துணியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. எனக்கு ‘குழாய் – 3’ பலகையும் வந்து சேர்ந்தது.

மருத்துவமனைக்குச் சீட்டுகளைக் கொண்டுபோவதும் நான்தான். அடுத்த புதன் அக்காவும் அத்தானைக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள், டாக்டரம்மா காலிலாவது விழுந்து பார்க்கிறேன் என்று. மருத்துவமனை முற்றத்தில் எப்போதும்போல ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு இல்லாதவர்கள். என்றைக்காவது கூப்பிடுவார்கள் என்று சும்மா வந்து உட்கார்வார்கள்.

டாக்டரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். அவர் கோபம் அக்காவின் கோபத்தைவிடப் பெரியதாக இருந்தது.

“நான் என்னம்மா பண்ணட்டும்? மூணு சீட்டு வந்தா மூணு பேர் உள்ள வரலாம். அந்த மூணு பேரும் நல்ல கண்ணைத் தூக்கிக்கிட்டு வாராவாரம் வந்து நிக்கறாங்க. கண்ணு தெரியாதவங்க முற்றத்துல உக்காந்திருக்காங்க. நான் கத்தி பிடிக்கறதையே மறந்துடுவேன் போல இருக்கு. சீட்டுல யார் பேர் இருந்தா எனக்கென்ன, கண்ணுல புரை இருந்தாச் சரி.”

அந்த மூன்று பேரில் ஒருவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். இன்னொருவர் சைக்கிள் கடைக்காரர். மூன்றாவது, கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. குரல் இன்னும் கோர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கும்.

“வராம இருந்தா விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பறாங்கம்மா” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. “பஸ் ஏறி வந்து, என் கண்ணு நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிட்டுப் போறேன். வெக்கமா இருக்கு.”

“அப்ப அந்தச் சீட்டைக் கொடுங்க” என்று அக்கா கையை நீட்டினாள்.

கடிகாரக்காரர் சீட்டை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகு முற்றத்தைப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரருக்குத்தானே? தாராளமா. ஆனா அதோ, சுவரைத் தடவிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவரு எப்படி?”

அக்கா அந்த மனிதரைப் பார்த்தாள். அப்புறம் மற்றவர்களைப் பார்த்தாள். சீட்டு அவள் கையில்தான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. அவள் முகம் அப்போது போன போக்கை நான் மறக்க மாட்டேன். வாரியத்தின் மேல் இருந்த எரிச்சலெல்லாம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

“சரி, முறையாவே செய்வோம்” என்று கடுகடுப்பாகச் சொன்னாள். “டைப்பிஸ்ட் அம்மா, உங்க குரல் நல்லா இருக்கு. கண்ணு கேஸை மட்டும் தனியா கூப்பிடுங்க. நான் யாருக்கு ரொம்ப மோசம்னு பாத்து நிக்க வைக்கறேன். கடிகாரக்காரர் கதவுகிட்ட நின்னு முன்னால இருக்கற மூணு பேரை உள்ள விடட்டும். வேற எதுலயும் யாரும் தலையிடக் கூடாது.”

“கண் நோயாளிகள் மட்டும் இந்தப் பக்கம். காது, முழங்கால் எல்லாம் மரத்தடியிலேயே இருக்கலாம்” என்று டைப்பிஸ்ட் அம்மா ஒரு குரல் கொடுத்தார். மரத்தடியே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கூப்பிட்டுவிட்டால் போதுமா? கண் தெரியாதவர்கள் எழுந்து எந்தப் பக்கம் நடப்பார்கள்? நானும் சைக்கிள் கடைக்காரரும் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, டைப்பிஸ்ட் அம்மாவிடமிருந்து அக்காவிடம், அக்காவிடமிருந்து கதவுக்குக் கொண்டுபோய் விட்டோம். மூன்று பலகை வைத்திருந்தும் அன்றைக்குத்தான் நான் முதல்முறை குழாய் வேலை பார்த்தேன்.

அக்கா விரல்களை விரித்துக் காட்டி, எத்தனை என்று கேட்டாள். கை இருப்பதே தெரியாதவர்கள் முன்னால். கை தெரிந்து விரல் தெரியாதவர்கள் அடுத்து. கொஞ்சம் தெரிந்தவர்கள் பின்னால். அத்தானின் முறை வந்தது. அவள் மூன்று விரலைக் காட்டினாள்.

“மூணு” என்றார் அத்தான்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“மூணுதானே. தெரியுது. தெரியலேன்னு சொல்லச் சொல்றியா?”

“சொன்னா என்ன?”

“அப்புறம் மத்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“உங்களுக்குத்தான் மூஞ்சி தெரியாதே.”

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவரை ஏழாவதாக நிற்க வைத்தாள். முன்னால் நின்ற மூன்று பேர் உள்ளே போனார்கள். டாக்டரம்மா கதவைச் சாத்தும்போது கையைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்தடுத்த புதன்களிலும் இப்படியே நடந்தது. மூன்று பேர் உள்ளே போவார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்களில் அத்தானைவிட மோசமானவர்கள் இருப்பார்கள். ஏழாவதாக இருந்தவர் ஐந்தாவதானார். மறு வாரம் ஆறாவதானார். அக்கா வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓசைப்படுத்திக் கழுவுவாள். “இந்த யோசனையைச் சொன்னவளைச் செருப்பால அடிக்கணும்” என்பாள். அத்தான் ரேடியோவைத் திருகுவார். டிப்போ பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது.

பரிசோதனைக்கு முந்தின கடைசிப் புதன். டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டோம், இன்றைக்கு ஆனால்தான் ஒரு கண்ணாவது அதற்குள் தயாராகும் என்றார். அன்று அத்தானுக்கு முன்னால் இரண்டே பேர்தான் நின்றார்கள். இஸ்திரி போடும் ஒரு அம்மா, பூட்டு ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். அத்தான் மூன்றாவது. அக்கா காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தலைவர் இறங்கினார்.

அவரும் எப்போதோ விண்ணப்பம் போட்டிருந்திருக்கிறார். அது அடியில் கிடந்தது. தனக்காக வரிசையை மீறுவது அவருடைய கொள்கைக்கு ஒத்துவராது. அவருடைய டிரைவர், முற்றத்தில் வேறு ஏதோ வரிசை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, முறைப்படி நடப்பதாகச் சொல்லி அழைத்து வந்துவிட்டான்.

“கண் நோயாளியா? இந்தப் பக்கம்” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. நான்தான் அவர் கையைப் பிடித்து அக்காவிடம் கொண்டுபோனேன். என்னை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அக்கா கையை உயர்த்தினாள். “எத்தனை விரல்?”

“கேக்கறது யாரு? என்ன பதவி?”

“கை தெரியுதா சார்?”

“ஏதோ அசையுது.”

அக்கா கையைக் கீழே போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். முன்னால் நின்ற இருவருக்கும் அசைவது கூடத் தெரியவில்லை. அத்தானுக்கு விரல் தெரிந்தது. கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. அத்தானே ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார்.

“நீங்க மூணாவது சார்” என்றாள் அக்கா. அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை.

தலைவர் நிமிர்ந்தார். “முன்னால யாரு?”

“இஸ்திரி போடற அம்மா. அடுத்தது பூட்டு ரிப்பேர்காரர்.”

“அவங்க ரெண்டு பேர் படுத்து எழுந்த மேஜையில நான் போய்ப் படுக்கணும்.”

“விரிப்பு மாத்துவாங்க சார்” என்றார் கடிகாரக்காரர்.

“விரிப்பைப் பத்தி நான் பேசலை. இத்தனை வருஷ சர்வீஸ்ல யார் கை பட்டதையும் அப்புறமா நான் தொட்டதில்ல. நான் முதல்ல. இல்லேன்னா வேண்டாம்.”

“மூணாவதுன்னாலும் இன்னைக்கே ஆயிடும் சார்” என்றாள் அக்கா. அவர் திரும்பி நடந்தார். “சார், இன்னைக்கே ஆயிடும், நில்லுங்க” என்று மறுபடியும் கூப்பிட்டாள். அவர் நிற்கவில்லை. மூன்றாம் முறை அவள் கூப்பிடவில்லை. அதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். தலைவர் வாசல் என்று நினைத்து ஜெனரேட்டர் அறைக்குள் போய்விட்டு, அங்கிருந்து வெளியே வந்து காரில் ஏறினார்.

அத்தான் ஒரு அடி முன்னால் நகர்ந்தார். கடிகாரக்காரர் கதவைத் திறந்தார்.

பரிசோதனையில் அத்தான் சுவரில் மாட்டிய அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அதற்குக் கீழே பொடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் கேட்காமலே படித்தார். வண்டி கிடைத்த முதல் நாள் அந்தத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அக்கா எனக்குச் சட்டைத்துணி வாங்கிக் கொடுத்தாள்.

தலைவர் மறு புதன் முற்றத்துக்கு வரவில்லை. ஆனால் அலுவலகத்துக்கு வந்தார். அறையில் உட்கார்ந்து, பழக்கத்தில் விரலால் தடவித் தன் கட்டளையைத் தட்டுவார். திரையில் எழுத்து வீடு உயரத்துக்கு நிற்கும். “பத்து வந்துடுச்சா?” என்று என்னிடம் கேட்பார். வந்துவிட்டது என்பேன். ஒருநாள் அவர் டீ கோப்பையைத் தேடிக் கையை மேஜை முழுவதும் துழாவியதைப் பார்த்தேன். நான் கோப்பையை அவர் கைக்கு நேரே நகர்த்தி வைத்தேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

குழாய் எதையும் தானாகச் சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது, வரிசை மாற்றக் கூடாது என்று என் பணி விதியில் இருக்கிறது. அதற்கடுத்த திங்கட்கிழமை நான் முற்றத்தில் நின்றவர்களின் வரிசையை, அக்கா நிற்க வைத்த அதே முறையில், கோப்பின் தொடக்கத்தில் ஏற்றினேன். தலைவரையும் அவர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். அவரைவிட மோசமாக இருந்த இரண்டு பேருக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன்.

தலைவர் கட்டளையைத் தட்டினார். முதல் பத்து வரி வந்தது. எல்லோரும் கண் நோயாளிகள், மோசமானவர் மேலே. இனி அதைத் துணைத் தலைவர் அடுக்கினாலும் கலையாது, இளநிலை அதிகாரி தேடினாலும் குறையாது. மூன்று சீட்டுக்குப் பதில் பத்துச் சீட்டு போகும்.

“பத்து வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சார்.”

“எப்பவும் இருக்கறவங்கதானே?”

“இல்ல சார். புதுசு.”

அவர் முகம் திரையின் பக்கம் திரும்பியது. திரையில் அவருடைய பெயர் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

“முதல் வரி யாரு?”

“நீங்கதான் சார்.”

தலைவர் இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“இத்தனை வருஷம் கழிச்சு இந்தக் கம்ப்யூட்டருக்குப் பதவிமூப்பு புரிஞ்சிருக்கு” என்றார்.

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டு, பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு நான் அடுத்த அறைக்குப் போனேன்.